ஜூன் 24: ஒரு நாளும் தமிழ்த் திரையிசை வரலாறும்

முன்னுரை

தமிழ்த் திரையிசை பற்றிய நினைவுக் கட்டுரைகளிலும் மேடை உரைகளிலும் தவறாது இடம்பெறும் செய்தி ஒன்று உண்டு. கவிஞர் கண்ணதாசனும் இசையமைப்பாளர் எம்.எஸ். விசுவநாதனும் ஜூன் 24ஆம் நாளில் பிறந்தவர்கள் என்பதே அது. முன்னவர் பிறந்த ஆண்டு 1927. பின்னவர் பிறந்த ஆண்டு 1928. இச்செய்தி பெரும்பாலும் வியப்புரையாகவே நின்றுவிடுகிறது. ஒரு நாள் இரு கலைஞரை இணைப்பது வரலாற்றுக்கு எவ்வகையில் பயன்படும்? அந்நாள் எவற்றை விளக்குகிறது, எவற்றை மறைக்கிறது? இவ்வினாக்களைத் திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு எழுப்பிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். சேர நாட்டுக்கும் தமிழ்ப் பாட்டுக்கும் உள்ள உறவு இந்நகரில் இருந்து நோக்குவார்க்குச் சற்றுத் தெளிவாகவே புலப்படும்.

நாள் என்னும் சான்று

நாள் ஒற்றுமை தன்னளவில் எதையும் மெய்ப்பிப்பதில்லை. மேலைநாட்டு ராக் இசையில் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் 1944ஆம் ஆண்டிலும், தாளக் கருவிக் கலைஞர் மிக் ஃப்ளீட்வுட் 1947ஆம் ஆண்டிலும் இதே ஜூன் 24இல் பிறந்தவர்கள். அவ்விருவருக்கும் நம்மவர் இருவருக்கும் இடையே யாதொரு தொடர்பும் இல்லை. ஆகவே நாள் ஒன்றாக இருப்பது வேறு, வரலாற்றுத் தொடர்பு இருப்பது வேறு என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும்.

இவ்வொற்றுமை எந்த நாட்காட்டியைச் சார்ந்தது என்பதும் எண்ணத்தக்கது. ஜூன் 24 தமிழ்நாட்டில் ஆனி மாதத்திலும் கேரளத்தில் மிதுன மாதத்திலும் அமைகிறது. இரண்டும் கதிரவனின் இயக்கத்தை அடியொற்றிய ஒரே மாதத்தின் இரு பெயர்கள். எனவே கொல்லம் ஆண்டு 1102இன் மிதுனத்தில் பிறந்தவர் கவிஞர். 1103இன் மிதுனத்தில் பிறந்தவர் இசையமைப்பாளர். ஆனால் நம் மரபு பிறந்தநாளைப் பெரும்பாலும் விண்மீனைக் கொண்டே கணிக்கிறது. 1927 ஜூன் 24க்கும் 1928 ஜூன் 24க்கும் இடையே 366 நாள்கள் உள்ளன. அந்நாள்களில் நிலவு பதின்மூன்று முழுச் சுற்றுகளை முடித்து, மேலும் ஏறத்தாழப் பத்து விண்மீன்களைக் கடந்து சென்றிருக்கும். எனவே விண்மீன் கணக்கில் இவ்விருவருடைய பிறந்தநாளும் ஒன்றல்ல. நாம் வியக்கும் ஒற்றுமை ஆங்கில நாட்காட்டி தந்த ஒற்றுமையே. அதனை மறுக்க வேண்டியதில்லை. அதன் எல்லையை அறிந்து பயன்படுத்த வேண்டும்.

திருவனந்தபுரத்துப் பின்புலம்

கவிஞரும் இசையமைப்பாளரும் இருவராக இணைந்து நிற்பது தமிழ்த் திரையிசையில் தொடக்கம் முதலே இருந்த நிலையன்று. அதற்கு முந்தைய நிலையை உணர்த்துபவர் பாபநாசம் சிவன். தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் 1890 செப்டம்பர் 26இல் பிறந்த இவர், தந்தையை இழந்தபின் இளமையிலேயே தாயுடன் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். இந்நகரின் மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் பயின்றார். கரமனையில் வாழ்ந்த நீலகண்ட சிவனின் (1839-1900) பக்திப் பாடல் மரபு அவர் உள்ளத்தில் ஊன்றியதும் இங்கேதான்.

‘அசோக்குமார்’ (1941), ‘சிவகவி’ (1943), ‘ஹரிதாஸ்’ (1944) முதலிய படங்களின் வழியாகச் சிவனின் பாடல்கள் தமிழகமெங்கும் பரவின. சொல்லும் பண்ணும் ஒருவரிடமே பிறக்கும் வாக்கேயக்காரர் மரபின் நீட்சியாக அவர் திரையில் இயங்கினார். ஐம்பதுகளில் இந்நிலை மாறுகிறது. பாட்டை ஒருவர் எழுத, மெட்டை மற்றொருவர் அமைக்கும் பணிப்பகுப்பு நிலைபெறுகிறது. மெட்டுக்குப் பாட்டு, பாட்டுக்கு மெட்டு என்னும் இருவகை நடைமுறைகளும் அதன் விளைவாகவே முதன்மை பெறுகின்றன. ஜூன் 24இல் பிறந்த இருவரின் இணைவை இம்மாற்றத்தின் பின்புலத்தில் வைத்துக் காணுதல் பொருந்தும்.

இரு பிறப்பும் ஒரு பணியிடமும்

முத்தையா என்னும் இயற்பெயருடைய கண்ணதாசன் பிறந்தது செட்டிநாட்டுச் சிறுகூடல்பட்டி. விசுவநாதன் பிறந்தது பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளி. இளமையில் தந்தையை இழந்த அவர் கண்ணூரில் தாத்தாவின் அரவணைப்பில் வளர்ந்து, நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றார். இன்று இவ்விரு ஊர்களும் இரு மாநிலங்களில் உள்ளன. அவர்கள் பிறந்தபோதோ, ஒன்று இராமநாதபுரம் மாவட்டத்திலும் மற்றொன்று மலபார் மாவட்டத்திலுமாக, இரண்டும் சென்னை மாகாணத்துக்குள்ளேயே இருந்தன. 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலபார் கேரளத்தோடு இணைந்தது. திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. எல்லை வரையப்படுவதற்கு முன்பே இவர்களின் கலைவாழ்வு தொடங்கிவிட்டது.

இருவரையும் ஒன்றுசேர்த்தது பணியிடமே. கோவையில் இயங்கிய ஜூபிடர் நிறுவனத்தின் ‘கன்னியின் காதலி’ (1949) படத்தின் வழியாகக் கண்ணதாசன் பாடலாசிரியராக அறிமுகமானார். அதே நிறுவனத்தில் எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் உதவியாளராக இருந்தவர் விசுவநாதன். பின்னர் அவர் சி.ஆர். சுப்பராமனின் இசைக்குழுவில் ஆர்மோனியம் வாசித்தார். அக்குழுவின் வயலின் கலைஞர் டி.கே. இராமமூர்த்தி. 1952இல் சுப்பராமன் மறையவே, ‘தேவதாஸ்’ உள்ளிட்ட படங்களில் அவர் விட்டுச்சென்ற பணியை இவ்விருவரும் நிறைவு செய்தனர்.

விசுவநாதன்-இராமமூர்த்தி என்னும் இணைப்பெயர் தாங்கி முதலில் வந்த படம் ‘பணம்’ (1952). இதனைத் தயாரித்தவர் கண்ணதாசனின் தமையனார் ஏ.எல். சீனிவாசன். இயக்கியவர் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். அன்று நாகர்கோவில் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாக இருந்தது. செட்டிநாடு, பாலக்காடு, திருச்சி, தென்திருவிதாங்கூர் ஆகிய நான்கு நிலப்பகுதிகளின் கலைஞர்கள் இப்படத்தில் ஒன்றுகூடினர். ஒரே நாளில் பிறந்தமையைவிட இக்கூட்டுறவே வரலாற்று முதன்மை உடையது.

1961ஆம் ஆண்டில் மட்டும் ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ ஆகிய மூன்று படங்களில் கண்ணதாசனின் சொல்லும் இவ்விணையரின் இசையும் கலந்தன. மூன்றையும் இயக்கியவர் ஏ. பீம்சிங். குடும்பக் கதைகளின் உணர்ச்சி நிலைகளுக்கேற்ப எளிய சொற்களையும் எளிதில் மனத்தில் பதியும் மெட்டுகளையும் கொண்டு அமைந்த இப்பாடல்கள், செவ்வியல் இசைப் பயிற்சி இல்லாதாரும் பாடத்தக்க மெல்லிசை வடிவை நிலைநிறுத்தின. இதற்கு மாறாக, ‘கர்ணன்’ (1964) படத்தில் அவர்களே இந்துஸ்தானி இராகங்களை மிகுதியாகக் கையாண்டனர். பின்னாளில் ‘குழந்தைக்காக’ (1968) படப் பாடலுக்காகக் கண்ணதாசன் தேசிய விருது பெற்றார். சிறந்த பாடலாசிரியர்க்கான தேசிய விருது வழங்கப்பெற்றது அதுவே முதன்முறை. அப்படத்தின் இசை விசுவநாதனுடையது.

நாள் மறைக்கும் பெயர்

ஜூன் 24ஐக் கொண்டாடும் உரைகளில் பெரிதும் விடுபடும் பெயர் டி.கே. இராமமூர்த்தி. 1922 மே 15இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த இவர், 1952 முதல் 1965 வரை வெளிவந்த ஏறத்தாழ நூறு படங்களில் விசுவநாதனோடு சமபங்கு கொண்ட இசையமைப்பாளர். ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) படத்தோடு இருவரும் பிரிந்து தனித்தனியே இசையமைக்கலாயினர். ‘எங்கிருந்தோ வந்தான்’ (1995) படத்தில்தான் மீண்டும் இணைந்தனர். இராமமூர்த்தி 2013 ஏப்ரல் 17இலும் விசுவநாதன் 2015 ஜூலை 14இலும் மறைந்தனர்.

கண்ணதாசன்-விசுவநாதன் இணைவின் உச்சங்களாக எடுத்துக்காட்டப்படும் பாடல்களுள் பெரும்பகுதி இப்பதின்மூன்று ஆண்டுகளுக்கு உரியவை. அவற்றின் இசைத்தட்டுகளிலும் பாட்டுப் புத்தகங்களிலும் இருவர் பெயரும் உள்ளன. பிறந்தநாள் ஒற்றுமையோ அவற்றுள் ஒரு பெயரை மட்டும் கவிஞரோடு சேர்த்து உயர்த்துகிறது. மே மாதத்தில் பிறந்தது அவர் செய்த பிழையன்று. ஆயினும் நினைவு என்பது எளிதில் சொல்லத்தக்க வடிவத்தையே விரும்புவதால், அவ்வடிவத்துக்குள் அடங்காதவர் விடுபட்டுப் போகின்றனர். கலைஞர் ஒருவரின் உழைப்பு வரலாற்றில் இருந்து இவ்வாறு நழுவுவதைச் சிறு குறை என்று ஒதுக்க இயலாது.

இவ்விணைவு தனித்த ஒன்றும் அன்று. ‘படகோட்டி’ (1964) படத்தின் பாடல்கள் அனைத்தையும் எழுதியவர் வாலி, இசை விசுவநாதன்-இராமமூர்த்தி. ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் கண்ணதாசனோடு இணைந்த கே.வி. மகாதேவன், திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்த நாகர்கோவில் பகுதியில் 1918 மார்ச் 14இல் பிறந்தவர். கண்ணதாசனின் இறுதித் திரைப்பாடல் இடம்பெற்ற ‘மூன்றாம் பிறை’ (1982) படத்துக்கு இசையமைத்தவர் இளையராஜா. ஒரு நாளுக்குள் அடக்கிவிட முடியாத அகலம் இவ்வரலாற்றுக்கு உண்டு என்பதை இவை காட்டுகின்றன.

எல்லை கடந்த பாட்டு

தாய்மொழி மலையாளமாக இருந்தும் விசுவநாதன் தமிழ்ச் சொல்லின் ஓசைக்கு இசைந்த மெட்டுகளை அமைத்தார். மலையாளத்திலும் ‘லங்காதகனம்’ (1971) படத்தில் ஸ்ரீகுமாரன் தம்பியோடும், ‘பணிதீராத்த வீடு’ படத்தில் வயலார் இராமவர்மாவோடும் பணியாற்றினார். கண்ணதாசனுக்குச் சாகித்திய அகாதெமி விருது (1980) பெற்றுத் தந்த ‘சேரமான் காதலி’ சேர நாட்டைக் களமாகக் கொண்ட புதினம். சேர நாட்டில் பிறந்தவர் தமிழுக்கு இசை தந்தார். செட்டிநாட்டில் பிறந்தவர் சேர நாட்டுக் கதையைத் தமிழில் தந்தார்.

இவ்வுறவின் தலையாய சான்று தமிழ்த்தாய் வாழ்த்து. அதன் சொற்கள் ‘மனோன்மணீயம்’ (1891) நாடகத்தின் வாழ்த்துப் பகுதியில் உள்ளவை. அந்நாடகத்தை இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை (1855-1897) ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராகப் பணியாற்றியவர். தமிழ்நாடு அரசு 1970இல் இதனை அரசு விழாக்களில் பாடுதற்குரியதாக அறிவித்தது. இதற்கு மோகன இராகத்தில், மூன்றன் நடையில் மெட்டமைத்தவர் விசுவநாதன். 2021 டிசம்பரில் இது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பெற்றது. பாடுவதற்கு ஆகும் நேரம் 55 வினாடிகள். எண்பது ஆண்டுக் கால இடைவெளியில், இன்றைய கேரளத்தின் இரு ஊர்களில் பிறந்த இருவரால் சொல்லும் இசையும் பெற்ற பாடலைத் தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்கள் பாடி வருகின்றனர்.

முடிவுரை

ஜூன் 24 என்னும் நாள் தமிழ்த் திரையிசை வரலாற்றுக்கு ஒரு நுழைவாயிலாக அமையலாம். அதுவே வரலாறு ஆகாது. அந்நாள் மலபாரையும் செட்டிநாட்டையும் ஒருசேர நினைக்கச் செய்கிறது. அதே நாள் திருச்சியில் பிறந்த இராமமூர்த்தியை மறக்கவும் செய்கிறது. முன்னதைப் போற்றிப் பின்னதைத் திருத்துதல் ஆய்வாளர் கடன். அதற்கு வேண்டிய முதன்மைச் சான்றுகள் இசைத்தட்டு உறைகளும், திரையரங்குகளில் விற்ற பாட்டுப் புத்தகங்களும், படங்களின் தொடக்கத்தில் வரும் பெயர்ப் பட்டியல்களுமே ஆகும். எளிதில் அழியும் இவற்றைக் கல்வெட்டுகளுக்குரிய கவனத்தோடு திரட்டுதல் வேண்டும்.

இங்கு மீண்டும் சுந்தரம் பிள்ளையை நினைத்தல் தகும். அவர் நாடகம் இயற்றியதோடு அமையாது, கல்வெட்டுகளைக் கொண்டு திருவிதாங்கூர் மன்னர்களின் காலத்தை ஆராய்ந்தார். திருஞானசம்பந்தரின் காலத்தையும் ஆராய்ந்து நிறுவினார். காலத்தைச் சான்று கொண்டு அறுதியிடும் அந்நெறி இந்நகரில் நமக்கு வாய்த்த மரபுச் செல்வம். அதனைத் திரைப்பாட்டு ஆய்வுக்கும் விரித்துக்கொண்டால், ஜூன் 24இன் சிறப்பு குறையாமலேயே மே 15க்கும் உரிய இடம் கிடைக்கும்.