சினே நோமினே (பாமாலை மெட்டு)

சினே நோமினே என்பது ‘ஃபார் ஆல் த செயின்ட்ஸ்’ என்னும் ஆங்கிலிக்கன் பாமாலைக்கு ரால்ஃப் வாகன் வில்லியம்ஸ் (1872–1958) அமைத்த மெட்டு ஆகும். இது 1906ஆம் ஆண்டு ‘இங்கிலிஷ் ஹிம்னல்’ என்னும் பாமாலை நூலில் வெளிவந்தது. இலத்தீன் மொழியில் இதன் பெயருக்குப் ‘பெயரில்லாதது’ என்பது பொருள்.

பாமாலையும் முந்தைய மெட்டுகளும்

இப்பாமாலையை விட்டிங்டன் ஊரின் குருவானவர் வில்லியம் வால்ஷம் ஹவ் 1864இல் இயற்றினார். மறைந்த பரிசுத்தவான்களுக்காகக் கடவுளுக்கு நன்றி கூறும் இப்பாடல், சகல பரிசுத்தவான்கள் திருநாளில் (நவம்பர் 1) சிறப்பாகப் பாடப்படுகிறது. முதலில் இதில் 11 சரணங்கள் இருந்தன.

ஆங்கிலப் பாமாலைகளில் பாடல் ஒருவருடையதாகவும் மெட்டு வேறொருவருடையதாகவும் இருப்பது வழக்கம். அசை அளவு பொருந்தினால் ஒரு பாடலை வேறு மெட்டிலும் பாடலாம். இப்பாடலைச் சபையார் ஜோசப் பார்ன்பியின் ‘சேரம்’ மெட்டில் பாடிவந்தனர். 1904இல் ‘ஹிம்ஸ் ஏன்ஷன்ட் அண்ட் மாடர்ன்’ நூலின் புதிய பதிப்புக்காக சார்லஸ் வில்லியர்ஸ் ஸ்டான்ஃபோர்ட் ‘எங்கல்பெர்க்’ என்னும் மெட்டை அமைத்தார். இவர் வாகன் வில்லியம்ஸின் ஆசிரியர்.

புதிய மெட்டு

அதே 1904இல், குருவானவர் பெர்சி டியர்மர் தாம் தொகுத்துவந்த இங்கிலிஷ் ஹிம்னலுக்கு இசைப் பதிப்பாசிரியராக வாகன் வில்லியம்ஸை அழைத்தார். இரண்டு மாத வேலை என்று சொல்லப்பட்டது இரண்டு ஆண்டுகள் நீடித்தது. வாகன் வில்லியம்ஸ் குருவானவர் ஒருவரின் மகன். எனினும் உறுதியான விசுவாசி அல்லர். ஆனால் சாதாரண மக்கள் வாரந்தோறும் பாடும் இசை தரமானதாக இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அக்காலப் பாமாலை மெட்டுகள் பலவும் மிகையுணர்ச்சி கொண்டவை என்று கருதி, நாட்டுப்புற மெட்டுகள் பலவற்றை நூலில் சேர்த்தார்.

இம்மெட்டில் முதல் தட்டில் ஆர்கனின் கீழ்ச்சுரம் மட்டும் ஒலிக்கும். சபையார் அடுத்த தட்டில் பாடத் தொடங்குவர். இதனால் பவனிக்கு ஏற்ற நடை அமைகிறது. சில சரணங்களைச் சபையார் அனைவரும் ஒரே குரலில் பாடவும், நடுவிலுள்ள சரணங்களைப் பாடகர் குழு நான்கு குரல்களில் பாடவும் வகைசெய்யப்பட்டது. சரணத்துக்குச் சரணம் அழுத்தம் மாறுவதால், சொற்கள் சுரங்களில் அமையும் முறையும் மாறுகிறது.

பின்விளைவு

மாணவரின் மெட்டு பரவியதால், ஆசிரியரின் எங்கல்பெர்க் இப்பாடலுடன் பாடப்படுவது அருகியது. ஆயினும் அது மறைந்துவிடவில்லை. 1972இல் மெதடிஸ்ட் போதகர் ஃப்ரெட் பிராட் கிரீன், அந்த மெட்டுக்கென்றே புதிய பாமாலை ஒன்றை எழுதினார். பாடலை இழந்த மெட்டுக்கு இவ்வாறு வேறொரு பாடல் கிடைத்தது.