யார் சொல்லி வந்தீங்க? லண்டனில் நம்மாட்கள் ரூம் பிடித்த கதை

1888-ல் லண்டன் போய் இறங்கிய காந்தி முதலில் தங்கியது விக்டோரியா ஹோட்டலில். சனிக்கிழமை போனார், திங்கட்கிழமை காலி செய்தார். பில் 3 பவுண்ட். ஒன்று பிடிக்கவில்லை என்று இன்னொன்று கேட்டால் ரெண்டுக்கும் காசு. அவ்வளவு கொடுத்தும் கிட்டத்தட்ட பட்டினிதான் என்று சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். அந்த அத்தியாயங்களை நிறைய பேர் அவருடைய சைவ விரதத்துக்காகப் படித்திருப்பீர்கள். நான் கொஞ்ச நாளாக வாடகைக் கணக்குக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆரம்பத்தில் ஒரு அறையைக்கூட அவர் தானாகத் தேடிப் பிடிக்கவில்லை. ஹோட்டலிலிருந்து மாறிய முதல் இடத்தைப் பார்த்துக் கொடுத்தவர் கூடவே கப்பலில் வந்த ஒரு சிந்திக்காரர். அங்கே வந்து எட்டிப் பார்த்த பிராண்ஜீவன் மேத்தா, இது சரிப்படாது, ஒரு குடும்பத்தோடு தங்கினால்தான் இந்த ஊர் வாழ்க்கை பிடிபடும் என்று சொல்லி, ரிச்மண்டில் ஒரு நண்பரிடம் ஒரு மாதம் விடுகிறார். அப்புறம் வெஸ்ட் கென்சிங்டனில் ஒரு விதவை அம்மாவின் வீடு. ஊரிலிருந்து காந்தி கொண்டுபோனது நாலு அறிமுகக் கடிதம். அதில் ஒன்று இந்த மேத்தாவுக்கு, இன்னொன்று தாதாபாய் நவுரோஜிக்கு. இந்தக் காலத்துக் கணக்கில் அந்தக் கடிதங்கள்தான் அவருடைய ரெஃபரன்ஸ்.

அந்த வீட்டுக்கார அம்மாக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். விக்டோரியா காலத்து லண்டனில் கணவனை இழந்த நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கௌரவமாகச் சம்பாதிக்க இருந்த வழிகள் ரொம்பக் குறைவு. மாடி அறையை வாடகைக்கு விட்டு, காலையும் ராத்திரியும் சாப்பாடு போடுவது அதில் ஒன்று. கணப்புக்குக் கரி, விளக்கு, துணி வெளுப்பது எல்லாம் பல வீடுகளில் தனிக் கணக்கு. வீட்டின் நல்ல பேர்தான் அவர்களுக்கு மூலதனம். மற்ற குடித்தனக்காரர்கள் முகம் சுளித்துக் காலி செய்துவிட்டால் அந்த மாதப் பிழைப்பு போச்சு. அதனால் கதவைத் தட்டும் அந்நியனிடம் அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள விரும்பியது, யார் சொல்லி வந்தாய் என்பதைத்தான். நிறம் பார்த்தே கதவைச் சாத்தியவர்களும் ஏராளம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் திருவல்லிக்கேணி, மேற்கு மாம்பலம் பக்கம் ஒண்டிக்கட்டையாக வீடு தேடியவர்கள் லண்டனை ரொம்பத் திட்டமாட்டார்கள். பேச்சுலரா, வெஜ்ஜா, எந்த ஊர் பக்கம் என்று வளைத்து வளைத்துக் கேட்பது நமக்கு ஒன்றும் புதுசில்லையே.

ஒருவர் சிபாரிசு செய்து கிடைத்த இடத்தில் அவருக்கும் ஒரு உரிமை வந்துவிடும். குடும்பத்தோடு தங்கினால் அவர்கள் சமைப்பதைத்தான் சாப்பிட வேண்டும். வெஸ்ட் கென்சிங்டன் அம்மாவுக்கு இந்தப் பிள்ளைக்கு என்னதான் சமைப்பது என்றே தெரியவில்லை. அவருடைய பெண்கள் இரண்டு பேரும் ரொட்டி இன்னும் ஒரு துண்டு போட்டுக்கோ என்று உபசரிக்க, பசியோடேயே எழுந்திருக்கிறார் காந்தி. கடைசியில் அவர் செய்தது, தன் பொறுப்பில் தனி அறை பார்த்துக்கொண்டது. அடுப்பு வைத்த ஒற்றை அறை, காலையில் தானே காய்ச்சிய ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும். சாப்பாட்டுச் செலவு நாளுக்கு ஒரு ஷில்லிங் மூணு பென்ஸ். இது சிக்கனத்தின் கதையாகவே சொல்லப்படுகிறது. எனக்கென்னவோ சொந்தச் சாவி கைக்கு வந்த கதையாகத்தான் தெரிகிறது.

கடிதம் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? 1905 ஜூலை 1-ம் தேதி, வடக்கு லண்டனில் ஹைகேட் பகுதி, 65 குரோம்வெல் அவென்யூவில் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா ஒரு வீட்டை இந்திய மாணவர் விடுதியாகத் திறந்தார். பேர் இந்தியா ஹவுஸ். சுமார் 25 பேர் தங்கலாம். இங்கே யாருக்கும் தோல் நிறத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டாம். சாவர்க்கர் தங்கிய இடம் என்று எல்லாருக்கும் தெரியும். நம்ம பக்கத்து வரகனேரி வ.வே.சு. ஐயரும், பின்னாளில் ராஜாஜி மந்திரிசபையில் சுகாதார அமைச்சரான டி.எஸ்.எஸ். ராஜனும் இங்கே இருந்தவர்கள். ரூமுக்காகப் போனவர்கள் அரசியலோடு வெளியே வந்தார்கள். வாசலிலும் உள்ளேயும் போலீஸ் உளவு இருந்தது.

சரியாக நாலு வருஷம் கழித்து, 1909 ஜூலை 1 அன்று, மதன்லால் திங்ரா கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். திங்ரா அப்போது இந்தியா ஹவுஸில் இல்லை. பேய்ஸ்வாட்டர் பகுதியில், லெட்பரி ரோட்டில் வாடகை அறையில் இருந்தார். வழக்கில் அந்த வீட்டுக்கார அம்மாவும் சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று.

இந்திய மாணவர்களை யார் பார்த்துக்கொள்வது என்று அரசாங்கம் யோசிக்க ஆரம்பித்தது இதற்கும் முன்னாலேயே. 1907-ல் லீ-வார்னர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். கர்சன் வைலியும் அதில் உறுப்பினர். அறிக்கையை வெளியிடாமல் பூட்டி வைத்து, 1922-ல் லிட்டன் கமிட்டி அறிக்கையின் பின்னிணைப்பாகத்தான் வெளியே விட்டார்கள். இதற்கிடையில் 1909-ல் மாணவர்களுக்கு ஆலோசகராக டி.டபிள்யூ. ஆர்னால்டை நியமித்தார்கள். அடுத்த வருஷம் 21 குரோம்வெல் ரோடு என்ற விலாசத்தில், புதிதாக வந்து இறங்குபவர்கள் சில நாள் தங்க அறைகளோடு ஒரு மையம் வந்தது. (ஹைகேட்டில் இருந்தது குரோம்வெல் அவென்யூ, இது கென்சிங்டனில் இருக்கும் குரோம்வெல் ரோடு. நானும் மேப்பை வைத்துக்கொண்டுதான் பிரித்துப் பார்த்தேன்.) நல்ல அறைகள், தகவல் எல்லாம் கிடைக்கும். ஆனால் கூடவே நம்மைக் கண்காணிக்கிறார்கள் என்ற சந்தேகம் மாணவர்களிடையே கடைசி வரை போகவில்லை. ஒரே கட்டடத்தில் படுக்கையும் ஃபைலும் இருந்தால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

1914 ஏப்ரலில் ராமானுஜன் இறங்கியதும் முதல் சில நாள் தங்கியது இங்கேதான். அவரை நெவில் காரில் வந்து அழைத்துப்போனார். அப்புறம் கேம்பிரிட்ஜில் நெவில் வீட்டிலேயே சில வாரம், பிறகு டிரினிட்டியின் ஹூயல்ஸ் கோர்ட்டில் தனி அறை. சிபாரிசு என்று பார்த்தால் இதைவிடப் பெரிசாக யாருக்கும் கிடைக்காது. அப்படியும் மஹலனோபிஸ் சொன்ன ஒரு சம்பவம் இருக்கிறது. ராத்திரியெல்லாம் குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுச் சால்வையைப் போர்த்திப் படுக்கிறேன் என்றாராம் ராமானுஜன். மஹலனோபிஸ் போய்ப் பார்த்தால் கம்பளிகள் எல்லாம் படுக்கையோடு சேர்த்து மடித்துச் செருகி, மேலே விரிப்பு போட்டு அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

1920-ல் நடந்தது எனக்குப் பிடித்த பகுதி. சேலத்தில் பிறந்த கே.டி. பால், ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியப் பொதுச்செயலாளர், லண்டனில் இந்திய மாணவர் சங்கமும் விடுதியும் தொடங்கினார். இடம் ஷேக்ஸ்பியர் ஹட். போர்க்காலத்தில் நியூசிலாந்து சிப்பாய்களுக்காகக் கட்டிய தற்காலிகக் கொட்டகை அது. 1923-ல் கோவர் ஸ்ட்ரீட்டுக்குப் போனது, போரில் குண்டு விழுந்தது, கடைசியில் ஃபிட்ஸ்ராய் ஸ்கொயரில் புதுக் கட்டடம். இன்றும் அங்கே இருக்கிறது. அரசாங்கமும் இல்லாமல் புரட்சியும் இல்லாமல் படுக்க ஒரு இடம். சேலத்துக்காரர்களே இவரைப் பெரிதாகக் கொண்டாடிப் பார்த்ததில்லை.

சட்டம் ரொம்ப மெதுவாக வந்தது. 1965-ல் வந்த முதல் இனப் பாகுபாடு தடைச் சட்டம் வாடகை வீட்டைத் தொடவேயில்லை. 1968-ல்தான் வீடும் வேலையும் சேர்ந்தன. அதிலும் வீட்டுக்காரரே கூடக் குடியிருந்து, குளியலறை மாதிரி இடங்களைப் பகிர்ந்துகொள்ளும் சின்ன வீடுகளுக்கு விலக்கு. மாணவர்கள் பெரும்பாலும் தங்கியது அந்த மாதிரி வீடுகளில்தான்.

2000-களில் நான் ஆன்சைட் போனபோது ஒரு ஏஜென்ட், இங்கிலாந்தில் வீடு வைத்திருக்கிற ஒருவர் கேரண்டி கொடுக்கணும், இல்லேன்னா ஆறு மாச வாடகை முன்பணம் என்றார். நாலு கடிதத்தோடு போன காந்தி ஞாபகம் வந்தது.

2014-ல் வந்த குடியேற்றச் சட்டத்தின்படி, 2016 பிப்ரவரி 1 முதல் இங்கிலாந்து முழுக்க, குடியிருக்க வருபவருக்கு நாட்டில் தங்க உரிமை இருக்கிறதா என்று வீட்டுக்காரரே சரிபார்க்க வேண்டும். தவறினால் அவருக்கு அபராதம். இதனால் சில வீட்டுக்காரர்கள் பாகுபாடு காட்டுகிறார்கள் என்பதை 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமே ஒப்புக்கொண்டது, ஆனாலும் திட்டம் சட்டப்படி செல்லும் என்றது. இப்போது காகிதம்கூட வேண்டாம். மாணவர் அரசுத் தளத்தில் போய் ஒரு ஷேர் கோட் எடுக்க வேண்டும், ஒன்பது எழுத்து. 90 நாள் செல்லும். வீட்டுக்காரர் அதையும் பிறந்த தேதியையும் தட்டினால் திரையில் மாணவரின் போட்டோ வரும். கோட் வேலைக்கு என்றால் 'டபிள்யூ'வில் ஆரம்பிக்கும், வாடகைக்கு என்றால் 'ஆர்'.