அழகுப் பொருளான ஆண்டவன்

தாடி தவழும் முகம், தோளிலே மேலாடை, கையிலே கோல், கோலைச் சுற்றி ஒரு பாம்பு. ஐரோப்பிய அருங்காட்சியகங்களிலே அந்தச் சிலையைக் காணலாம். அதன் படிகளை வீட்டுக் கூடங்களிலே அழகுக்கு வைத்திருக்கக் காணலாம். அஸ்கிளிப்பியஸ் என்பது பெயர். பண்டைக் கிரேக்கரின் மருத்துவக் கடவுள்! அன்று அவருக்குக் காணிக்கை குவிந்தது; இன்று தூசி தட்டுவோர் உண்டு. இந்த மாற்றம் எப்படி வந்தது? வரலாற்றைக் கேட்போம்.

கிரேக்க நாட்டு எபிடாரசிலே அவருக்குப் பெருங்கோயில் இருந்தது. பாரோஸ் தீவின் சிற்பி திராசிமிடிஸ், கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலே பொன்னாலும் தந்தத்தாலும் அவரை அரியணையில் அமர்த்தினான். கி.பி. 2-ஆம் நூற்றாண்டிலே அச்சிலையைக் கண்டெழுதிய பசானியஸ், சிற்பியின் பெயர் அங்கே பொறிக்கப்பட்டிருந்தது என்கிறார். ஆம்! ஆண்டவனைப் படைத்தவன் யார் என்பது ஆலயத்திலேயே எழுதியிருந்தது, பக்தர்தாம் படித்துணரவில்லை!

நோயாளிகள் அங்கே இரவில் துயில்வர். கனவிலே கடவுள் வந்து குணமாக்குவார் என்பது நம்பிக்கை. குணமடைந்தோர் கதைகளைக் கல்லிலே வெட்டினர். ஒரு கண் பார்வையற்ற அம்புரோசியா எனும் ஏதென்ஸ் நகரத்து மாது, கனவு கண்டால் முடவர் நடப்பரோ, குருடர் காண்பரோ என்று நகைத்தாளாம். கடவுள் அவள் கண்ணைக் குணமாக்கி, அவளது அறியாமைக்கு அடையாளமாக வெள்ளிப் பன்றியொன்றைக் காணிக்கை வைக்கச் சொன்னாராம்! கல்வெட்டு கூறும் கதை இது. ஐயம் கொண்டவளுக்கு அபராதம்! அவள் எழுப்பிய கேள்விக்கோ விடையில்லை.

இன்னும் கேளுங்கள். அக்கோயில் எல்லைக்குள் எவரும் சாகலாகாது. எவளும் பிள்ளை பெறலாகாது! உயிர் ஊசலாடும் நோயாளியும், பேறுகால வலியால் துடிக்கும் தாயும் வெட்டவெளியிலே கிடந்தனர். அவர்களுக்குக் கூரை அமைத்தது கடவுளல்ல, கி.பி. 2-ஆம் நூற்றாண்டிலே, அந்தோனினஸ் என்ற ரோமானியச் செனட்டர்! பிழைத்தவன் கதை கல்லிலே. மாண்டவன் கதை மண்ணிலே. அற்புதங்கள் வளர்ந்த வகை இதுதான்.

அதே கிரேக்கத்திலேதான் அறிவின் குரலும் எழுந்தது. கி.மு. 400 அளவிலே, ஹிப்போகிரட்டிஸ் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்று, 'புனித நோய்' எனப்பட்ட காக்காய் வலிப்பு தெய்வச் செயலன்று, மூளையிலே தோன்றுவது என்று வாதிட்டது. அந்நூலின் விளக்கங்கள் பல இன்று நிற்கவில்லை. "காரணம் என்ன?" என்று அது கேட்ட கேள்வி நிற்கிறது!

அந்தக் கேள்வியின் வழிவந்ததே தடுப்பூசி. ஊர் ஊராகச் சென்ற ஊழியர்களின் உழைப்பால் பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்தது என்று 1980-இலே உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்நிறுவனத்தின் கொடியிலே அஸ்கிளிப்பியசின் கோலும் பாம்பும் உண்டு. ஆனால் சின்னமாக மட்டுமே!

சிலையை உடைக்கச் சொல்லவில்லை நாம். உளியின் திறத்தை வியப்போம். ஆனால் காய்ச்சலில் துடிக்கும் குழந்தையை அதன் காலடியிலே கிடத்தமாட்டோம். மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவோம்!