வல்லம் பிள்ளையின் பதினேழு எண்கள்

தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ஆம் ஆண்டோடு நின்றது. அந்நாள்களில் கரைசேர்ந்த சிப்பியை மூன்று பங்காக்குவர். இரண்டு அரசுக்கு, ஒன்று குளியாளிக்கு. குவியலை வகுத்து மிச்சம் பார்ப்பது நம் கடற்கரைக்குப் பழகிய கணக்கே. ஆனால், எந்த எண் எதனால் மிச்சமின்றி வகுபடும் என்பதையே ஆழ்ந்து ஆராய்ந்த அறிஞர் ஒருவர், தூத்துக்குடியும் அடங்கியிருந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

எஸ். எஸ். பிள்ளை 1901-இல் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவரைப் படிக்கவைத்தவர் சாஸ்திரியார் என்னும் ஆசிரியர். (அத்தகைய ஆசிரியர்களின் முழுப்பெயரைக்கூட நாம் காத்து வைப்பதில்லை.) 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

1940-இல் அவர் ஆராய்ந்த வினா எளியது. அடுத்தடுத்து வரும் சில எண்களை எடுத்துக்கொண்டால், மற்ற எதனோடும் பொதுக் காரணி இல்லாமல் தனித்து நிற்கும் எண் ஒன்றேனும் அவற்றுள் இருக்குமா? பதினாறு எண்கள் வரை இருந்தே தீரும் என்று நிறுவினார். பதினேழில் அது பொய்க்கிறது.

2184 முதல் 2200 வரை பாருங்கள். இரட்டை எண்களை இரண்டு பிணைக்கிறது. 2187, 2193, 2199 ஆகியவற்றை மூன்றும், 2185, 2195 ஆகியவற்றை ஐந்தும் பிணைக்கின்றன. 2189-உம் 2200-உம் பதினொன்றால் வகுபடும். 2191 ஏழாலும், 2197 பதின்மூன்றாலும் 2184-ஓடு உறவுடையவை. தனித்து நிற்பது ஒன்றுமில்லை!

பதின்மூன்றுக்கு மேற்பட்ட பகா எண்கள் ஏன் தேவைப்படவில்லை? இரண்டு எண்களின் பொதுக் காரணி அவற்றின் வேறுபாட்டையும் வகுக்கும். இங்கோ வேறுபாடு பதினாறைத் தாண்டாது. ஆகவே 2, 3, 5, 7, 11, 13 ஆகிய ஆறு பகா எண்களே பிணைக்க வல்லவை. அடுத்தடுத்த இந்தப் பகா எண்களின் பெருக்கற்பலன் 30030. இதனை 2184-உடன் கூட்டினால் வருவது 32214. அங்கிருந்து பதினேழு எண்களிலும் அதே பிணைப்பைக் காணலாம். மேலும் ஒரு 30030-ஐக் கூட்டினாலும் அப்படியே. இதற்கு முடிவே இல்லை. தாளும் பென்சிலும் கொண்டு வாசகர்களே சரிபார்க்கலாம்.

பதினேழு முதல் 430 வரையுள்ள எல்லா எண்ணிக்கைகளிலும் இவ்வாறு பொய்க்கும் என்பதைப் பிள்ளை காட்டினார். அதற்கு மேலும் அவ்வாறே என்பதை 1941-இல் ஆல்பிரட் பிரவர் நிறுவினார்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வு நிறுவனம் பிள்ளையை ஓராண்டுக்கு அழைத்தது. ஹார்வர்டில் கூடிய உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளப் புறப்பட்டார். 1950 ஆகஸ்டு 31 அன்று அவர் சென்ற விமானம் கெய்ரோ அருகே விழுந்தது. அப்போது அவருக்கு வயது 49.

அந்தப் பதினேழு எண்களுக்குப் பின்னால் வேறொரு பழைய வினா இருந்தது: அடுத்தடுத்த எண்களின் பெருக்கற்பலன் ஒரு முழு வர்க்கமாகவோ கனமாகவோ உயர் அடுக்காகவோ அமையக்கூடுமா? ஒருபோதும் அமையாது என்று எர்டோஷ், செல்பிரிட்ஜ் இருவரும் நிறுவியது 1975-இல்.