சுமையும் சுற்றமும் ஏற்றிய வண்டி

ஒரு நாட்டு மக்களின் வாழ்க்கை வரலாற்றை அவர்கள் எழுப்பிய கோயில்களிலும் கோட்டைகளிலும் தேடுவது அறிஞர் வழக்கம். அவர்கள் ஏறிச் சென்ற வண்டிகளிலும் அவ்வரலாற்றைத் தேடலாம். தெற்கே மகா ஓயாவிலிருந்து வடக்கே வில்பத்துக் காட்டின் விளிம்பு வரை நீண்டு கிடக்கும் புத்தளக் கரையோரம் இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். மீன், கருவாடு, உப்பு, தேங்காய், வெங்காயம், மிளகாய், புகையிலை என இக்கரை தரும் செல்வம் யாவும் நெடுந்தூரம் சுமந்து சென்று விற்கப்பட வேண்டியவை. ஆகவே, சுமை ஏற்றுவதற்கு ஒரு வண்டி, குடும்பம் செல்வதற்கு மற்றொரு வண்டி என்ற பாகுபாடு இங்கு ஆழமாக வேரூன்றவில்லை. வானைக் குடும்பத்து வண்டியாகக் கொள்ளும் இன்றைய வழக்கம் அண்மையில் தோன்றியது போலத் தோன்றினும், அதன் அடிப்படை மிகப் பழையது.

அரபுப் பயணியாகிய இபன் பதூதா 1344 ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து மாபாரை நோக்கிச் செல்லுகையில் காற்றினால் திசைமாறி, புத்தளம் எனக் கொள்ளப்படும் பட்டாலத்தில் கரையேறினார். பாவாதமலைக்கு யாத்திரை செல்ல விரும்பிய அவருக்கு ஆரியச் சக்கரவர்த்தி ஒரு பல்லக்கையும் அதனைச் சுமக்கும் ஏவலரையும் அளித்தார். நான்கு யோகியரும், மூன்று பிராமணரும், அரசனின் பரிவாரத்தினர் பத்துப் பேரும், உணவுப்பொருள் சுமப்போர் பதினைவரும் உடன் சென்றனர் என அவருடைய பயணநூல் கூறுகின்றது. ஒருவர் வழிச்செல்ல, அவரோடு சுற்றமும் செல்ல வேண்டும்; அச்சுற்றத்துக்கான அரிசியும் பானையும் கூடவே செல்ல வேண்டும். புத்தளத்திலிருந்து புறப்படும் எந்தப் பயணத்துக்கும் இந்த நியதி பல நூற்றாண்டுகளாகப் பொருந்தி வந்திருக்கின்றது.

பல்லக்கு அரசரின் அருளைப் பெற்றோர்க்கு உரியது. பொதுமக்களுக்கு வாய்த்தவை இரண்டு: நீரிலே படகு, நிலத்திலே மாட்டுவண்டி. ஒல்லாந்தர் தம் ஆட்சிக் காலத்தில் களப்புகளையும் ஆறுகளையும் வெட்டுவாய்க்கால்களால் இணைத்து, கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம் வரை நீர்வழி அமைத்தனர். அதில் தட்டையான அடியும் ஓலைக் கூரையும் கொண்ட படகுகள் சரக்கு ஏற்றிச் சென்றன. கரைவழியே செல்வோர்க்குக் கூடாரம் பூட்டிய மாட்டுவண்டி துணையாயிற்று. கிழமை நாட்களில் தேங்காயும் கருவாடும் ஏற்றிய அதே வண்டி, தலவில் அன்னம்மாள் ஆலயத் திருநாளுக்கும் முன்னேஸ்வரத் திருவிழாவுக்கும் குடும்பத்தைச் சுமந்தது. சந்தைக்குப் போகும்போது சாக்கு விரிந்திருந்த தட்டிலே, திருவிழாவுக்குப் போகும்போது வைக்கோலும் பாயும் விரிந்தன. மாறியது விரிப்பு மாத்திரமே. பின்னாளில் வானிலே இருக்கையை மடித்து மூட்டை ஏற்றும் வழக்கத்துக்கு இதுவே மூதாதை எனலாம்.

புகைவண்டிப் பாதை 1916 இல் சிலாபத்தையும் 1926 இல் புத்தளத்தையும் அடைந்தது. எனினும் கற்பிட்டிக் குடாநாட்டுக்கு அப்பாதை திரும்பவில்லை. பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி முனைவரை ஏறக்குறைய 40 கிலோமீற்றர் நீளத்துக்கு, ஒருபுறம் களப்பும் மறுபுறம் கடலுமாகக் கிடக்கும் அம்மணல் நிலத்துக்கு வீதி ஒன்றே கதியாயிற்று. லொறி சரக்கை ஏற்றிற்று; பஸ் மனிதரை ஏற்றிற்று. 1958 சனவரி முதலாம் நாள் தனியார் பஸ் சேவைகள் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியபோது சேவை ஒழுங்குபட்டது. ஆயினும் நள்ளிரவில் கரைக்கு வரும் மீனுக்கும், நேரங்கெட்ட நேரத்தில் நோயுறும் குழந்தைக்கும் பஸ்ஸின் நேர அட்டவணை உதவுவதில்லை. வசதி படைத்தோர் ஒஸ்ரின், மொறிஸ் முதலிய ஆங்கிலக் கார்களை வைத்திருந்தனர். 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி நெருக்கப்பட்டபின், பழைய கார்களைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே ஓட்டும் காலம் வந்தது.

இதற்கிடையில் உலகின் பிற பகுதிகளில் சரக்கு வண்டியும் குடும்பக் காரும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் 1935 இல் செவர்லே நிறுவனம் பாரவண்டிச் சட்டத்தின்மீது பலர் அமரும் மூடிய உடலைப் பொருத்திச் ‘சபேர்பன்’ வண்டியை வெளியிட்டது. பென் பொன் என்னும் ஒல்லாந்து நாட்டு வணிகர் 1947 இல் தம் குறிப்பேட்டில் வரைந்த பெட்டி வடிவமே, 1950 இல் வொக்ஸ்வாகன் வானாக உருப்பெற்றது. யப்பானியர் மாஸ்டா பொங்கோவை 1966 இலும், டொயோட்டா ஹயஸை 1967 இலும், லைட் ஏஸை 1970 இலும், டவுன் ஏஸை 1976 இலும் உருவாக்கினர். பிரான்சு நாட்டில் 1996 இல் சித்ரோயன் பெர்லிங்கோவும், 1997 இல் ரெனோ கங்கூவும் தோன்றி, கடைக்காரரின் சிறு வானைக் குடும்பத்தினர் நாணமின்றி விரும்பி வாங்கும் நிலையை ஏற்படுத்தின. ஐரோப்பியர் அப்போது கண்ட உண்மையைப் புத்தளத்து வண்டிக்காரர் முன்னமே அறிந்திருந்தனர்.

1977 இல் இலங்கையின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. யப்பானில் சில ஆண்டுகள் ஓடிய வண்டிகள் செப்பனிடப்பட்டு, கப்பல் கப்பலாக வந்திறங்கின. அவற்றுள் வான் இக்கரை மக்களின் மனத்தைக் கவர்ந்தமைக்குத் தெளிவான காரணங்கள் உள. இலங்கையைப் போன்றே யப்பானிலும் வண்டிகள் வீதியின் இடப்பக்கமாகவே செல்லும். ஆதலால் செலுத்துவோரின் இருக்கை வலப்புறத்திலும், பக்கமாகத் தள்ளித் திறக்கும் கதவு வீதியோரத்திலும் அமைந்திருந்தன. முன் இருக்கையின் கீழே இயந்திரம் அடங்கியமையால் வண்டியின் நீளம் முழுவதும் மனிதருக்கும் பொருளுக்குமாக மிஞ்சியது. பின்சில்லுகளே வண்டியை உந்தியமையால், பின்னாலே மூட்டை ஏற்ற ஏற்றச் சில்லு மண்ணை நன்கு பற்றியது. மணற்பாங்கான ஒழுங்கைகளில் இது சிறு நன்மையன்று.

வான்களிலும் தரம் பலவுண்டு. அவற்றை ஒப்பிட்டு நோக்குவது பயனுடையது. லைட் ஏஸும் டவுன் ஏஸும் நடுத்தரக் குடும்பத்துக்கு அளவானவை. ஒடுங்கிய வீதியில் எளிதில் திரும்புவன. பாட்டன், பாட்டி, பிள்ளைகள் எனக் குடும்பம் முழுவதையும் ஒருசேர ஏற்றுவன. ஆனால் இயந்திரத்தின் வெப்பம் முன்னிருக்கையை எட்டும். நண்பகலில் நெடுந்தூரம் செலுத்துவோர் அதனை நன்கறிவர். ஹயஸ் இவற்றினும் பெரியது. 1989 இல் வெளிவந்து, அதன் வளைந்த முகத்தினால் இலங்கையில் ‘டொல்பின்’ எனப் பெயர்பெற்ற வகையும், 2004 இல் வந்து ‘கே.டி.எச்.’ என வழங்கும் வகையும் பாடசாலைப் பிள்ளைகளையும் யாத்திரிகரையும் ஏற்றி வருவாய் ஈட்டித் தரவல்லவை. அதன் பின்புறத்து வில்தகடுகள் பாரத்துக்கென அமைந்தவை. வெறும் வண்டியாக ஓடும்போது குலுக்கும், சுமை ஏறியபின் அமைதியுறும். ஆனால் விலை மிகுதி. தேய்ந்த சில்லுறை நான்கையும் மாற்றும் நாளில் சிறு குடும்பத்தின் மாதச் செலவுக் கணக்கே தடுமாறும்.

சுசுகி எவ்ரி மறுமுனையில் நிற்பது. யப்பானியச் சட்டம் சிறுவண்டிகளுக்கு விதித்த வரம்புக்குள் அடங்கிய அதன் இயந்திரத்தின் கொள்ளளவு 660 கன சென்ரிமீற்றர். அதன் நீளம் 3.4 மீற்றர். அச்சட்டப்படி அது ஏற்றத்தக்கோர் நால்வர். சரக்கு 350 கிலோகிராம். மலைநாட்டில் மூச்சு வாங்கும் இந்த வண்டி, ஏற்றமற்ற புத்தளக் கரையில் இலகுவாக ஓடுகின்றது. எரிபொருட் செலவும் சொற்பம். ஆயினும் சரக்கு ஏற்றும் வகையில் பின்னிருக்கை வெறும் மெல்லிய பலகைபோல் நிமிர்ந்து நிற்கும். கற்பிட்டியிலிருந்து கொழும்பு வரை முதியோரை அதில் இருத்திச் செல்வது இரக்கமற்ற செயலாகும். இவற்றின் அருகே ஒரு சாதாரணக் காரை நிறுத்தினால், சொகுசிலும் அமைதியிலும் கார் வெல்லும். மீன்பெட்டி நான்கும் மாமியும் மருமகளும் ஒரே வேளையில் ஏறவேண்டும் என்னும்போது கார் தோற்றுவிடும்.

அரசாங்கப் பதிவேடும் இதற்குச் சான்று பகர்கின்றது. இலங்கையின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வானைக் காரென்றோ லொறியென்றோ எழுதுவதில்லை. இருவகைப் பயன்பாட்டு வாகனம் எனத் தனி வகுப்பிலேயே பதிகின்றது. கூடார வண்டியின் பழைய இலக்கணத்தைச் சட்டமும் தன் மொழியில் ஏற்றுக்கொண்டது எனலாம்.

வண்டியின்றி வந்தோரின் வரலாறும் இக்கரைக்கு உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, ஏறக்குறைய 75,000 பேர் தம் ஊர்களை இழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் அடைக்கலம் புகுந்தனர். மன்னார்ப் பகுதியினர் பலர் கடல்வழியே படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். வீட்டையும் வண்டியையும் விட்டுக் கைப்பையோடு வந்தோர்க்கு, சொந்த வண்டி என்பது மீண்டும் நிமிர்ந்து நிற்பதன் அடையாளமாகவும் இருந்தது. 2009 இல் போர் முடிந்தபின் பிறந்த ஊருக்குத் திரும்பும் வழி திறந்தது. பிள்ளைகளின் படிப்பு புத்தளத்தில், காணியும் பள்ளிவாசலும் வடக்கில் என இரண்டிடத்தில் வேர்கொண்ட குடும்பங்களுக்கு, உறவினரையும் அரிசி மூட்டையையும் ஒருங்கே ஏற்றும் வண்டி ஆடம்பரப் பொருளாகாது. பிரிந்த குடும்பத்தைப் பிணைக்கும் கயிறு அது.

ஆயினும் வானின் புகழை மட்டும் பாடுதல் நேர்மையாகாது. செலுத்துவோரின் முழங்காலுக்கு முன்னே இவ்வகை வண்டிகளில் இருப்பது மெல்லிய தகடே. காரின் முன்பகுதி மோதலின் வேகத்தை நசுங்கித் தாங்குவதுபோல் இதனால் தாங்கவியலாது. இந்தியாவில் 1984 முதல் விற்பனையான மாருதி வான், பின்னாளில் ‘ஒம்னி’ எனப் பெயர்பெற்று, தமிழ்நாட்டின் ஊர்தோறும் ஓடியது. புதிய பாதுகாப்பு விதிகளுக்கு அதனை இசைவிக்க இயலாமையால் 2019 இல் அதன் உற்பத்தி நின்றது. இலங்கைக் கரையில் ஓடும் பழைய வான்கள் பலவற்றில் பின்னிருக்கைக்கு இருக்கைப்பட்டியே இல்லை. பிள்ளைகளுக்குப் பின்னால் கட்டப்படாமல் அடுக்கிய மீன்பெட்டி, திடீரெனத் தடை பிடிக்கும்போது முன்னே பாயும். உப்புக்காற்றோ சில்லுக்கு மேலுள்ள தகட்டையும் அடிச்சட்டத்தையும் ஓசையின்றித் தின்றுவிடும். மேலே பூசிய புது வர்ணத்தைக் கண்டு மயங்கியவர் அடியிலுள்ள துருவை விலைகொடுத்து வாங்கியவராவார். சம்பாதித்துத் தருவதும் இந்த வண்டியே. பிள்ளைகளை ஏற்றிச் செல்வதும் இதுவே. ஒன்றிற்காக மற்றொன்றைப் பணயம் வைத்தல் தகாது.

அண்மைக்கால நெருக்கடிகள் இவ்வண்டியின் அருமையையும் அதனைச் சார்ந்திருப்பதன் இடரையும் ஒருங்கே காட்டின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி மீளத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் முதிய வான்களும் புதுமாப்பிள்ளையின் மதிப்பைப் பெற்றன. 2022 இல் எரிபொருட் பஞ்சம் நேர்ந்து, கியூ.ஆர். குறியீட்டு முறை புகுத்தப்பட்டபோது, காருக்கும் வானுக்கும் வாரம் 20 லீற்றர் என முதலில் அளவு விதிக்கப்பட்டது. லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் வானுக்கு அது 200 கிலோமீற்றர் தூரம்; கற்பிட்டியிலிருந்து கொழும்புக்குச் சென்று திரும்ப அது போதாது. ஆனால் ஐவர் செல்லும் காருக்கும், ஒன்பதின்மரும் அவர்தம் சரக்கும் செல்லும் வானுக்கும் கிடைத்த அளவு ஒன்றே. அயலவர் கூடி ஒரே வானில் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் செல்வதன் சிக்கனம் அந்நாட்களில் கணக்கிலும் விளங்கியது.

ஆகவே வண்டியைத் தேர்வோர் கேட்க வேண்டிய வினாக்கள் பல்லக்குக் காலத்தவையே: யார் ஏறுவர்? எதை ஏற்றுவது? எவ்வழியே எவ்வளவு தூரம்? இக்காலம் அவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்த்திருக்கின்றது: மோதல் நேர்ந்தால் ஏறியிருப்போரின் கதி என்ன? வருவாய் குன்றும் மாதத்தில் கடன் தவணையை எதனால் கட்டுவது? இவ்வைந்துக்கும் நேர்மையாக விடை கண்டபின் வாங்கும் வண்டி சிறிதாயினும் பெரிதாயினும் குடும்பத்துக்கு உறுதுணையாகும். அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்து, பின்னிருக்கைக்குப் பட்டி பொருத்தி, சுமைக்கும் பிள்ளைகளுக்கும் இடையே ஒரு தடுப்பு அமைத்துவிட்டால், கூடார வண்டியின் வழிவந்த இவ்வானும் அதனைப்போல் நெடுங்காலம் நம்பத்தக்கதாய் விளங்கும்.