பழைய தொலைக்காட்சிப் பெட்டியும் பழுது பார்க்கும் கல்வியும்

1953-இல் சித்தூர் மாவட்டம் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பத் தொடங்கிற்று. எல்லைக் கோடு மண்ணுக்குத்தானே. மின்னலைக்கு ஏது எல்லை? 1977-இல் தோன்றிய ஐதராபாத் நிலையத்தின் அலை இத்துணைத் தொலைவு எட்டாது. சென்னையோ திருப்பதிக்கு ரயில் வழியே ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். ஆயினும், அவ்வலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. பூமியின் வளைவும் இடைப்பட்ட குன்றும் அதனை மறைக்கும். ஆதலின் நம் பெரியோர் நெடிய இரும்புக் குழாயில் ஆன்டெனாவை ஏற்றி, பூஸ்டர் பொருத்தி, புள்ளி மழையினூடே தமிழ் முகங்களைக் கண்டு மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சி எத்தகையதென்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது எளிதன்று!

ஐதராபாத்தின் ஈ.சி., சென்னையின் சாலிடேர், டயனோரா ஆகிய பெட்டிகள் அக்காலத்தில் பெயர் பெற்றவை. அவற்றைச் செப்பனிட்டவர் பலர் வானொலிக் கடைகளில் தொழில் பயின்றவரே. குருவின் அருகமர்ந்து, கண்ணாலும் காதாலும் கற்ற கல்வி அது.

இன்று அத்தொழிலைப் பயில விரும்பும் இளைஞர், முதலில் அச்சத்தைக் கற்றல் வேண்டும். கறுப்பு வெள்ளைப் பெட்டியிலும் படக்குழாய்க்குப் பதினாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் செல்லும். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அது குழாயில் தங்கி நிற்கும். முறைப்படி அதனைத் தரையிறக்காமல் கை வைத்தல் ஆகாது.

அடுத்து நோய்க்குறி. ஒலியும் ஒளியும் இல்லையெனில் மின்வழங்கும் பகுதியை முதலில் நோக்குக. ஒலியிருந்து திரை இருண்டால் பெரும்பாலும் எல்.ஓ.டி. எனும் உயரழுத்த டிரான்ஸ்பார்மரின் பகுதியில் குற்றம். திரை நடுவே குறுக்காக ஒற்றை ஒளிக்கோடு நின்றால், படத்தை மேலும் கீழும் விரிக்கும் பகுதி செயலற்றது. படம் சுருங்கினால் உலர்ந்த கண்டென்சர்களை ஐயுறலாம். அவை இன்றும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள்கள்.

பெட்டி உயிர்பெற்றாலும் பழைய தரைவழி ஒளிபரப்பு இன்றில்லை. ஆர்.எப். மாடுலேட்டர் ஒன்றை இடையில் இணைத்தாலே படம் தெரியும். படக்குழாய் தேய்ந்துவிட்டதாயின், மற்றொரு பழைய பெட்டியின் குழாயே கதி. புதிதாகச் செய்வார் இங்கு இல்லை. நம் குடியிருப்பில் எவரேனும் அத்தகைய பெட்டியைப் பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போடுமுன், முதிய மெக்கானிக் ஒருவரிடம் காட்டுக. குழாய் நன்றாயிருப்பின், அது வேறொரு வீட்டில் விளங்கும்.