வாடகைக்கு வந்த சாஃப்ட்வேர்

மந்தைவெளி பஸ் டெர்மினஸுக்குப் பின்னால் ஒரு தெருவில் என் பெரியப்பாவுக்கு மருந்து மொத்த வியாபாரம். நம் கல்லூரியை விட்டு 2010-ல் வெளியே வந்து நான் சேர்ந்த சின்னக் கம்பெனி, அந்த மாதிரிக் கடைகளுக்குத்தான் பில்லிங் சாஃப்ட்வேர் விற்றது. நான் பிடித்துக் கொடுத்த முதல் கஸ்டமர் பெரியப்பாதான். மாடிப்படிக்குக் கீழே சர்வர், பக்கத்தில் யு.பி.எஸ்., இரண்டுக்கும் சந்தனம் குங்குமம். சி.டி.யையும் லைசென்ஸ் காகிதத்தையும் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்டினார். "முழுப் பணமும் கொடுத்தாச்சு. இனிமே இது நம்ம சொத்துடா" என்றார்.

இன்று அந்த மாடிப்படிக்குக் கீழே அட்டைப்பெட்டிகள்தான் இருக்கின்றன. சாஃப்ட்வேர் எங்கேயோ ஒரு டேட்டா சென்டரில் ஓடுகிறது. பெரியப்பா மாதாமாதம் பணம் கட்டுகிறார். 'கிளவுட்' என்று நாம் நாகரிகமாகச் சொல்கிறோம். அவர் பாஷையில் அது வாடகை. சிரிக்க வேண்டாம், அவர் சொல்வதுதான் சரித்திரப்படியும் சரி.

ஏனென்றால் கம்ப்யூட்டர் இந்தியாவில் பரவியதே வாடகைக்குத்தான். 1960-களில் ஐ.பி.எம். தன் 1401 இயந்திரங்களை இங்கே வாடகைக்கு விட்டது. வெளிநாட்டில் ஓடித் தேய்ந்ததைப் புதுப்பித்துக் கொண்டுவந்து நம்மிடம் வாடகை வாங்குகிறார்கள் என்று அப்போதே முணுமுணுப்பு உண்டு. சாஃப்ட்வேருக்கென்று தனி விலை கிடையாது, மிஷினோடு வந்துவிடும். 1969 ஜூனில்தான் அமெரிக்காவில் ஐ.பி.எம். இரண்டையும் பிரித்து விலை போடப்போவதாக அறிவித்தது. சாஃப்ட்வேர் தனிச் சரக்காக வளர்ந்தது அதற்குப் பிறகுதான். இங்கே 1973-ன் அந்நியச் செலாவணிச் சட்டம், வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னது. ஐ.பி.எம். ஒப்பவில்லை, 1978-ல் மூட்டை கட்டியது.

பி.சி. வந்ததும் 'வாங்கி வைத்துக்கொள்' காலம். பெங்களூரில் 1986-ல் பிறந்த டேலி, கணக்குப்பிள்ளைகளின் மேஜைக்கு வந்தது. நம் ஊரில் ராம்கோ குழுமம் 1990-களில் 'மார்ஷல்' என்ற ஈ.ஆர்.பி.யை உருவாக்கியது. பெரிய தொழிற்சாலையில் ஈ.ஆர்.பி. நிறுவுவதென்றால் சர்வர், டேட்டாபேஸ் லைசென்ஸ், ஏ.சி. அறை, மாதக்கணக்கில் தங்கி வேலை செய்யும் இன்ஜினீயர்கள், அப்புறம் வருஷாவருஷம் ஏ.எம்.சி. என்று போய்க்கொண்டே இருக்கும். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பதோடு இதையும் சேர்க்கலாம். அதே ராம்கோ 2008-ல் ஈ.ஆர்.பி.யை மாதச் சந்தாவுக்குத் தர ஆரம்பித்தது.

சந்தா முறையை உலகம் பார்க்கச் செய்தது 1999-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ். 'சாஃப்ட்வேர்' என்ற சொல்லின் மேல் குறுக்குக் கோடு போட்டே விளம்பரம் செய்தார்கள். ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியது சென்னைக் கதை. 1996-ல் ஸ்ரீதர் வேம்புவும் சகோதரர்களும் நண்பர்களும் தொடங்கிய அட்வென்ட்நெட், டெலிகாம் கருவி செய்யும் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் மேலாண்மை சாஃப்ட்வேர் விற்றது. 2001-ல் டெலிகாம் சந்தை படுத்தபோது அந்தக் கஸ்டமர்களில் பலர் காணாமற்போனார்கள். பெரிய கம்பெனிகள் சிலவற்றை மட்டும் நம்பக்கூடாது என்ற பாடத்தோடு, 2005-ல் 'ஸோஹோ' என்ற பெயரில் இணையத்திலேயே ஓடும் சாஃப்ட்வேர்களை விட்டார்கள். 2009-ல் கம்பெனியின் பெயரே ஸோஹோ ஆகிவிட்டது.

அங்கே வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம், ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து 2010-ல் ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கினார். கஸ்டமர்கள் அனுப்பும் புகார்களைக் கையாளும் சாஃப்ட்வேர் அது. 2011-ல் வந்த முதல் கஸ்டமர், ஆஸ்திரேலியாவில் பெர்த் பக்கம் உள்ள அட்வெல் காலேஜ் என்ற பள்ளிக்கூடம். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அதுவரை சென்னை பெரும்பாலும் ஆளைத்தான் அனுப்பியது: விசா, கோட்டு, விமான டிக்கெட். எங்கேயோ இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு விற்பதற்காக ஆள் அனுப்பினால் டிக்கெட் காசுகூடத் தேறாது. மாதச் சந்தா என்றதும் அந்தச் சின்னக் கஸ்டமரே போதும் என்றாயிற்று. வாங்குகிறவனைவிட விற்கிறவனைத்தான் இந்த வாடகை முறை அதிகம் மாற்றியது என்பது என் கட்சி. இப்படிச் சந்தா வசூலிப்பதற்கென்றே 2011-ல் சென்னையில் சார்ஜ்பீ என்று தனிக் கம்பெனி வந்ததென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் இது ஒத்துவரவில்லை. மொத்தமாக வந்த பணம் சில்லறையாக வரும். போட்ட முதல் திரும்ப வருஷக்கணக்காகும். என் கம்பெனியும் சந்தாவுக்கு மாறப் பார்த்து மூச்சுத் திணறி, 2016-ல் கடையைச் சாத்தியது. ஏ.எம்.சி.க்காக பைக்கில் ஊரெல்லாம் சுற்றிய ஆறு பையன்களும் வேறு வேலை தேடிப் போனார்கள். நானும் மந்தைவெளி ஸ்டேஷனில் பறக்கும் ரயிலேறி, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் போய்ச் சேர்ந்தேன்.

பெரியப்பாவை மாற்றியது விளம்பரம் இல்லை, 2015 டிசம்பர் மழை. தெருத் தண்ணீர் படியேறி உள்ளே வந்தது. சர்வர் போயிற்று. பேக்கப் ஹார்ட் டிஸ்க் பத்திரமாக சர்வர் மேலேயே இருந்ததால் அதுவும் போயிற்று. வைக்கச் சொன்னவன் நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஐந்து வருஷக் கணக்கைப் பழைய பில் கட்டுகளிலிருந்து திரும்ப ஏற்ற நாலு மாதம் பிடித்தது. அதற்கப்புறம் வாடகை சாஃப்ட்வேருக்கு மாறினார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது "நல்ல வேளைடா" என்றார்.

2021 செப்டம்பர் 22 அன்று ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறியிருந்த அந்தச் சென்னைக் கம்பெனி, அமெரிக்காவின் நாஸ்டாக்கில் பட்டியலாகி நூறு கோடி டாலருக்கு மேல் திரட்டியது. ரஜினி ரசிகரான கிரீஷ் அந்த வேலைக்கு வைத்த ரகசியப் பெயர் 'புராஜெக்ட் சூப்பர்ஸ்டார்'. எங்கள் ஆபீசில் ஸ்வீட் கொடுத்தோம், அது எங்கள் கம்பெனி இல்லை என்றாலும். ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து தானாகப் பணம் பிடிப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புது விதி அமலுக்கு வந்தது. ஊரில் பலருடைய சந்தா நின்றது, பெரியப்பாவுடையதும் நின்றது. வந்த மெயிலை அவர் பார்க்கவில்லை. ஒருநாள் காலையில் கடையைத் திறந்தால், 'பணம் கட்டவும்' என்ற திரைக்கு மேல் எதுவும் நகரவில்லை. புது பில் போட முடியாதது இருக்கட்டும், போன வருஷத்து பில்லைக்கூடப் பார்க்க முடியவில்லை.

"வெள்ளத்துல போனது மழையோட குத்தம், ஒத்துக்கறேன். என் கணக்கை நான் பாக்கறதுக்கு இவன் யாருடா கதவைச் சாத்த?" என்று போனில் கத்தினார். வீட்டுக்காரர் பூட்டுப் போட்டாலும் சாமானையாவது எடுத்துக்கொள்ள விட வேண்டாமா என்பது அவர் வாதம். இன்ஜினீயரான என்னிடம் பதில் இல்லை. பணம் கட்டி மறுநாள் திறந்தது.

அதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் கடை சாத்துமுன், அந்த வாரக் கணக்கு முழுவதையும் பென் டிரைவில் இறக்கி, வீட்டுக்கு எடுத்துப் போய் பீரோவில் வைக்கிறார், அந்தப் பழைய சி.டி.க்குப் பக்கத்தில்.